1906-இல் வந்த தோட்டாவை இன்றும் ஏன் வாங்குகிறார்கள்?

வேட்டை ரைபிள்களைப் பற்றிப் பேச்சு வந்தால் .30-06 என்ற பெயர் அடிபடாமல் இருக்காது. அமெரிக்கர்கள் இதை ‘தேர்ட்டி ஆட் சிக்ஸ்’ என்பார்கள். 1906-இல் ராணுவத்துக்காக வடிவமைத்த தோட்டா. அது பிறந்தபோது போர்விமானமும் இல்லை, டாங்கியும் இல்லை. அவையெல்லாம் பிறகு வந்து பலமுறை உருமாறிவிட்டன. இந்தத் தோட்டாவோ அதே நீளத்தில், அதே அகலத்தில் இன்றும் ஆலைகளிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். “பழக்கதோஷம். தாத்தா பயன்படுத்தினார், அப்பா பயன்படுத்தினார், பேரனும் வாங்குகிறான்” என்பது ஒன்று. “இதற்கு நிகர் எதுவும் கிடையாது, எதை வேண்டுமானாலும் வீழ்த்தும்” என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு என்று நினைக்கிறேன். உண்மையான காரணம் இவற்றைவிடச் சுவாரசியமானது. அதற்கு முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும்.

குண்டு வேறு, தோட்டா வேறு

“குண்டு பாய்ந்தது”, “தோட்டா துளைத்தது” என்று இரண்டையும் ஒரே பொருளில் எழுதிப் பழகிவிட்டோம். துப்பாக்கிக்குள் நாம் போடுவது தோட்டா. அதிலிருந்து பிரிந்து பறந்துபோவது குண்டு. பேனாவும் மையும் எப்படி வேறு வேறோ அப்படி.

தோட்டாவில் நான்கு உறுப்புகள். வெளியே பித்தளையாலான குழாய் போன்ற கூடு. கூட்டின் அடியில் நடுவே ஒரு சிறிய கிண்ணம். தட்டினால் பொறி பறக்கும். அதற்குப் பெயர் பிரைமர். கூட்டுக்குள் மருந்து, அதாவது எரிந்து வாயுவாகும் தூள். வாயில் செருகியிருப்பது குண்டு.

விசையை இழுத்ததும் ஊசி போன்ற ஒரு கம்பி பிரைமரைக் குத்துகிறது. பொறி பறந்து மருந்து பற்றிக்கொள்கிறது. மருந்து வெடிக்கிறது என்று சொல்லிவிடுகிறோம்; உண்மையில் அது மிக வேகமாக எரிகிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாடு பின்னால் நமக்குத் தேவைப்படும். எரிந்த மருந்து வாயுவாகி, வெளியேற இடம் தேடி எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. அசையக்கூடியது குண்டு மட்டும்தான். அது குழல் வழியே தள்ளப்படுகிறது. அதே நேரத்தில் பித்தளைக் கூடு விரிந்து, தான் அமர்ந்திருக்கும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. குக்கர் மூடியில் ரப்பர் வளையம் செய்யும் வேலை இது: வாயு பின்பக்கமாகக் கசியாமல் அடைத்துவிடுகிறது. குண்டு வெளியேறி அழுத்தம் குறைந்ததும் கூடு சற்றே சுருங்கிவிடும். அதனால்தான் அதை எளிதாக வெளியே இழுக்க முடிகிறது.

சுருக்கமாகச் சொன்னால், கூடு என்பது வெறும் பொட்டலம் அல்ல. அது துப்பாக்கியின் அறையோடு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டிய ஓர் உறுப்பு.

பெயரில் இருக்கும் எண்கள்

.30 என்பது குழலின் உள்விட்டம், அங்குலத்தில். குழலின் உட்சுவரில் குண்டைச் சுழலவைப்பதற்காகச் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். அவற்றைப் புரிகள் என்போம். பள்ளத்தையும் சேர்த்து அளந்தால் .308 அங்குலம் வரும். குண்டின் உண்மையான விட்டமும் அதுதான், அதாவது 7.82 மில்லிமீட்டர். 06 என்பது ஆண்டு. முழுப் பெயரின் கடைசியில் வரும் ‘ஸ்பிரிங்ஃபீல்ட்’, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த அரசு ஆயுதச் சாலையின் ஊர்.

எல்லாத் தோட்டாப் பெயர்களையும் இப்படிப் படிக்க முடியாது. .30-30 என்ற இன்னொரு பழைய தோட்டாவில் இரண்டாவது 30, மருந்தின் எடை. .25-06-இல் வரும் 06 ஆண்டே அல்ல, அது .30-06-இன் பிள்ளை என்று காட்டும் குடும்பப் பெயர். பெயரில் பெரிய எண் இருந்தால் பெரிய பலம் என்று கணக்குப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

மாறாத ஹோல்டர், மாறிய பல்பு

இப்போது மையக் கருத்துக்கு வருவோம். வீட்டுச் சுவரில் இருக்கும் பல்பு ஹோல்டரை நினைத்துப் பாருங்கள். அந்த அளவு மிகப் பழையது. முன்பு அதில் குண்டு பல்பு மாட்டினோம், பிறகு சிஎஃப்எல், இப்போது எல்இடி. ஹோல்டர் மாறவில்லை, உள்ளே வெளிச்சம் உண்டாகும் முறை அடியோடு மாறிவிட்டது. எல்இடி பல்பைக் காட்டி “இது நூறாண்டுப் பழைய தொழில்நுட்பம்” என்று யாரும் சொல்வதில்லை.

.30-06 என்பதும் ஒரு ஹோல்டர் அளவுதான். கூட்டின் நீளம் 63 மில்லிமீட்டர், அடிவட்டத்தின் விட்டம் 12 மில்லிமீட்டர், கழுத்து இங்கே குறுக வேண்டும், அழுத்தம் இந்த வரம்பைத் தாண்டக் கூடாது. இப்படி ஒரு வரைபடம். துப்பாக்கி செய்பவர் அந்த வரைபடத்துக்கு அறையைக் கடைகிறார். தோட்டா செய்பவர் அதே வரைபடத்துக்குக் கூட்டைச் செய்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, ஆனாலும் பொருந்துகிறது. தோட்டாவின் பெயர் என்பது இந்த ஒப்பந்தத்தின் பெயர். 1906-இலிருந்து மாறாதது ஒப்பந்தம் மட்டுமே. மருந்து, குண்டு, பித்தளையின் தரம், பிரைமரின் வேதிப்பொருள் எல்லாமே மாறிவிட்டன.

ஆக, “120 வயதுத் தோட்டா” என்ற பேச்சு பாதி உண்மைதான். சரி, ஒப்பந்தங்கள் நிறைய வந்து மறைந்துபோனபோது இது மட்டும் ஏன் தங்கியது?

போர்க்களத்தில் கற்ற பாடம்

1898-இல் கியூபாவில் ஸ்பெயினோடு அமெரிக்கா மோதியது. ஸ்பானிய வீரர்கள் கையில் 7 மில்லிமீட்டர் மவுசர் ரைபிள்கள். ஒரு கிளிப்பை வைத்து அழுத்தினால் ஐந்து தோட்டாக்கள் ஒரே தள்ளில் உள்ளே போகும். அமெரிக்கர்களின் கிராக் ரைபிளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும்; தோட்டாவின் வேகமும் குறைவு. சான் ஹுவான் குன்றில் அதன் விலையைக் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் மவுசரைப் பார்த்துப் புது ரைபிளும் புதுத் தோட்டாவும் செய்தார்கள். அது 1903-இல் வந்தது. 14 கிராமுக்கு மேல் எடையுள்ள, முனை மழுங்கிய குண்டு.

அது வந்த வேகத்திலேயே பழசாகிவிட்டது. அந்நேரம் ஜெர்மனி கூர்முனைக் குண்டுக்கு மாறியிருந்தது. மழுங்கிய முனை காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு போகும். கூர்முனை கிழித்துக்கொண்டு போகும். எடையும் குறைந்ததால் புறப்படும் வேகமும் கூடியது. அமெரிக்கர்கள் உடனே 150 கிரெய்ன் எடையுள்ள கூர்முனைக் குண்டைச் செய்தார்கள். கிரெய்ன் என்பது இத்துறையின் எடை அலகு; 15 கிரெய்னுக்கு மேல் சேர்ந்தால்தான் ஒரு கிராம். 150 கிரெய்ன் என்பது 9.7 கிராம். வினாடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகம். குண்டு குட்டையானதால் கூட்டின் கழுத்தையும் சற்றுக் குறைத்தார்கள். ஏற்கெனவே செய்த ரைபிள்களின் குழல்களைப் பின்பக்கம் வெட்டி மறுபடி கடைந்தார்கள். அந்தத் திருத்தத்தின் விளைவுதான் .30-06.

நான் கவனிக்கச் சொல்வது இதை: அந்தக் கூடு முதலில் கனமான நீளக் குண்டுக்காக வடிவமைத்தது. பிறகு இலகுவான குண்டுக்காகத் திருத்தியது. அதனால் பிறக்கும்போதே இரண்டுக்கும் உள்ளே இடம் இருந்தது.

கூட்டின் கொள்ளளவு என்ன செய்யும்?

இதுதான் விஷயத்தின் உயிர்நாடி. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

டென்னிஸ் பந்தையும் இரும்புக் குண்டையும் ஒரே பலத்தோடு எறியுங்கள். பந்து சட்டென்று கையை விட்டுப் பறக்கும், ஆனால் காற்று அதை விரைவில் நிறுத்திவிடும். இரும்பு மெதுவாகப் புறப்படும், ஆனால் போகும் வழியில் வேகத்தை எளிதில் இழக்காது, போய்ச் சேர்ந்த இடத்தில் ஆழமாக இறங்கும். ரைபிளிலும் இதே கதைதான். சிறு மானுக்கு இலகுவான, வேகமான குண்டு போதும். மூஸ் போன்ற பெரிய கடமானின் தடித்த தசையையும் எலும்பையும் கடந்து இதயத்தையும் நுரையீரலையும் எட்ட கனமான குண்டு வேண்டும்.

.30-06 கூட்டில் 110 கிரெய்னிலிருந்து 220 கிரெய்ன் வரை, அதாவது 7 கிராமிலிருந்து 14 கிராம் வரை குண்டு வைத்துத் தோட்டா செய்கிறார்கள். இரண்டு மடங்கு வித்தியாசம். சிறிய கூடுகளில் கனமான குண்டை வைத்தால் அது உள்ளே இறங்கி மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதில் அந்த நெருக்கடி குறைவு.

அப்படியானால் கூட்டை இன்னும் பெரிதாக்கினால் இன்னும் நல்லதுதானே? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குழலின் துளை அதே அகலம்தான். அடுப்பில் எவ்வளவு விறகு திணித்தாலும் புகைபோக்கி அதேதான் என்றால் என்ன ஆகும்? ஓர் அளவுக்கு மேல் திணிக்கும் மருந்து தரும் பலன் குறைந்துகொண்டே போகும்.

1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குண்டின் விட்டம் அதே .308 அங்குலம். கூட்டின் கொள்ளளவு .30-06-ஐவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். 180 கிரெய்ன் குண்டை .30-06 வினாடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் அனுப்பும். மேக்னம் சுமார் 900 மீட்டரில் அனுப்பும். கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு கூட்டியதற்கு வேகத்தில் கிடைத்தது பத்தில் ஒரு பங்கு. அதிலும் ஒரு பகுதி, மேக்னத்துக்கு அனுமதித்த கூடுதல் அழுத்தத்தால் வந்தது. 200 கெஜத்துக்குக் குறிவைத்துச் சரிசெய்த ரைபிளில், 300 கெஜத்தில் .30-06 குண்டு 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கீழிறங்கும். மேக்னம் அதைவிட நான்கைந்து சென்டிமீட்டர் குறைவாக இறங்கும். அதற்குப் பதிலாகத் தோளில் வாங்கும் உதை கால் பங்குக்கும் மேல் கூடுகிறது.

உதை என்பது வெறும் வலி அல்ல. பலமாக உதைக்கும் ரைபிளைச் சுடுபவர், விசையை இழுக்கும் கணத்தில் தன்னையறியாமல் கண்ணை மூடித் தோளைச் சிலிர்த்துக்கொள்வார். குறி தப்பும். வேட்டையில் குறி தப்புவது என்றால் காயத்தோடு ஓடி எங்கோ மெல்லச் சாகும் ஒரு விலங்கு. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. வேட்டையாடுவது என்று முடிவுசெய்த மனிதருக்கு இருக்கும் முதல் கடமை, அந்த உயிர் நொடியில் போக வேண்டும் என்பதுதான். அதைச் செய்வது, சரியான இடத்தில் இறங்கும் குண்டு. அட்டையில் அச்சிட்ட வேக எண்ணால் அது நடக்காது. பழகியவர்கள் பலர் தாங்கக்கூடிய உதையின் மேல்விளிம்பில் .30-06 நிற்கிறது. அதற்கு மேலே போனால் நன்றாகச் சுடுபவர்களின் எண்ணிக்கை குறைந்துவிடும்.

இதுவரை பார்த்தது: இந்தக் கூடு பல எடைக் குண்டுகளுக்கு இடம் தருகிறது, இதைவிடப் பெரிதாக்கினால் கிடைப்பது கொஞ்சம், கொடுப்பது அதிகம்.

உள்ளே நடந்த மாற்றம்

மருந்து எரிகிறது, வெடிப்பதில்லை என்று முன்பு சொன்னேனே, அது இங்கே உதவும். எரியும் வேகத்தைக் கட்டுப்படுத்த முடிந்தால், குண்டு குழலுக்குள் ஓடும் நேரம் முழுக்க அதை ஒரே சீராகத் தள்ளிக்கொண்டே போகலாம். 20-ஆம் நூற்றாண்டில் மருந்துத் தயாரிப்பு இதில்தான் முன்னேறியது.

இதற்குச் சான்று வேண்டுமா? 1952-இல் .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வந்தது. அதன் ராணுவ வடிவத்தை நேட்டோ நாடுகள் 1954-இல் ஏற்றன. அதன் கூடு .30-06-ஐவிட 12 மில்லிமீட்டர் குட்டை. ஆனாலும் பழைய ராணுவத் தோட்டாவின் வேகத்தை அது எட்டிவிட்டது. காரணம், புது மருந்து. பலர் இதைப் படித்துவிட்டு, “அப்படியானால் .30-06 காலாவதியாகிவிட்டதே” என்பார்கள். எனக்கு இதில் நேரெதிரான பொருள்தான் தெரிகிறது. அதே புது மருந்தை நீளமான கூட்டிலும் போடலாம் அல்லவா? போட்டார்கள். 1906-இல் 150 கிரெய்ன் குண்டுக்குக் கிடைத்த வேகம் இன்று 180 கிரெய்ன் குண்டுக்கே கிடைக்கிறது.

குண்டும் மாறியது. வேட்டைக் குண்டு உடலுக்குள் காளான்போல் விரிய வேண்டும், ஆனால் சிதறிவிடக் கூடாது. செம்புத் தோலுக்குள் ஈயம் வைத்த பழைய குண்டுகள் பெரிய எலும்பில் பட்டுச் சிதறியதுண்டு. ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் ஒரு மூஸை வீழ்த்த முடியாமல் தவித்தபின், நடுவே குறுக்குச் சுவர் வைத்த குண்டு ஒன்றைச் செய்து 1948-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முன்பாதி விரியும், பின்பாதி உருக்குலையாமல் ஊடுருவும். பிறகு ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டுகள் வந்தன. கலிபோர்னியா 2019 முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளை முழுவதுமாகத் தடைசெய்துவிட்டது. இறைச்சியோடு ஈயத்தைத் தின்னும் கழுகுகள் நஞ்சேறிச் சாவது ஒரு முக்கியக் காரணம். செம்பு ஈயத்தைவிட இலகு. அதே எடைக்கு நீளமான குண்டு வேண்டும். நீளக் குண்டுக்கு இடம் கொடுக்கும் கூடு இங்கேயும் கைகொடுத்தது.

கையில் கிடைக்கும் என்ற உறுதி

நல்ல வடிவமைப்பு மட்டும் போதுமா? போதாது. நல்ல அளவுகள் பல, வாங்குபவர் இல்லாமல் மறைந்துவிட்டன.

இரண்டு உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் அமெரிக்க வீரர்கள் இந்தத் தோட்டாவைத்தான் சுட்டார்கள். எம்1 கேரண்ட் ரைபிள் மட்டுமே 50 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. வீடு திரும்பியவர்களுக்கு அதன் கைப்பழக்கம் இருந்தது. ராணுவம் கழித்த ரைபிள்களும் தோட்டாக்களும் மலிவாக வெளியே வந்தன. வின்செஸ்டர் மாடல் 70, ரெமிங்டன் 700 என்று புகழ்பெற்ற வேட்டை ரைபிள்கள் எல்லாம் இந்த அளவில் கிடைத்தன. ரைபிள் நிறைய இருப்பதால் ஆலைகள் தோட்டா செய்கின்றன. தோட்டா எங்கும் கிடைப்பதால் ரைபிள் விற்கிறது. இந்தச் சக்கரம் ஒருமுறை சுழலத் தொடங்கினால் நிறுத்துவது கடினம்.

இதன் குடும்பமும் பெரிது. இந்தக் கூட்டின் கழுத்தைக் குறுக்கியும் விரித்தும் .25-06, .35 வீலன் போன்ற தோட்டாக்களைச் செய்தார்கள், 1925-இல் வந்த .270 வின்செஸ்டரும் இதே வழி வந்ததுதான். 12 மில்லிமீட்டர் அடிவட்டமோ இன்னும் பழையது. 1888-ஆம் ஆண்டு ஜெர்மன் தோட்டாவிலிருந்து மவுசர் வழியாக வந்தது. 2007-இல் புதுமை என்று கொண்டாடப்பட்ட 6.5 கிரீட்மூர் தோட்டாவின் அடிவட்டத்தை அளந்துபாருங்கள். அதே 12 மில்லிமீட்டர்.

கடல் கடந்தும் இது பரவியது. ஸ்வீடனில் மூஸ் போன்ற பெரிய விலங்குகளைச் சுட, குறைந்தது 10 கிராம் குண்டு 100 மீட்டரில் 2,000 ஜூல் ஆற்றலோடு இருக்க வேண்டும் என்பது விதி. 9 கிராம் குண்டு என்றால் 2,700 ஜூல். ஒரு கிலோ எடையை 10 சென்டிமீட்டர் தூக்கச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 1 ஜூல். 180 கிரெய்ன் .30-06 குண்டு அந்தத் தூரத்தில் 3,000 ஜூலுக்கு மேல் வைத்திருக்கும்.

குறைகளும் உண்டு

எதை வேண்டுமானாலும் வீழ்த்தும் என்ற பேச்சை இங்கே சரிசெய்துவிடுகிறேன். 1909-இல் முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது இந்த அளவு ரைபிளை எடுத்துச் சென்றார், நிறையவே பயன்படுத்தினார். ஆனால் யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் மிகப் பெரிய இரட்டைக்குழல் ஒன்றையும் தயாராக வைத்திருந்தார். இதன் எல்லை அவருக்குத் தெரிந்திருந்தது.

புதிதாகச் சுடப் பழகுபவருக்கும் இது முதல் தேர்வாக இருக்க வேண்டியதில்லை. 6.5 கிரீட்மூரின் உதை கணிசமாகக் குறைவு. அதன் மெலிந்த நீளக் குண்டு தொலைதூரத்தில் காற்றை நன்றாகச் சமாளிக்கும். மான் வேட்டைக்கு .308 தாராளமாகப் போதும், ரைபிளும் சற்றுக் குட்டையாக இருக்கும். இன்னொன்று: பழைய ரைபிள்கள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் .30-06-இன் அழுத்த வரம்பை .308-ஐவிடச் சற்றுக் குறைவாகவே வைத்திருக்கிறார்கள். பழைய ஒப்பந்தம் சுமக்கும் பழைய பொறுப்பு அது. எம்1 கேரண்ட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது குழலின் முனையருகே வாயுவை எடுத்துத் தன்னைத்தானே இயக்கிக்கொள்ளும். மெதுவாக எரியும் மருந்தும் கனமான குண்டும் கொண்ட சில வேட்டைத் தோட்டாக்கள், அந்த இடத்தில் கூடுதல் அழுத்தம் தந்து உள்ளே இருக்கும் தண்டை வளைத்துவிடும்.

பெட்டியையும் குழலையும் படிப்பது

தோட்டாப் பெட்டியில் முதலில் இருப்பது ஒப்பந்தத்தின் பெயர்: .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட். அடுத்தது குண்டின் எடை, கிரெய்னில். மூன்றாவது குண்டின் வகை: ஈயமா, செம்பா, எப்படி விரியும் என்பது. எந்த விலங்குக்கு ஏற்றது என்பதைப் பின்னிரண்டும் சொல்லும். ரைபிளுக்குப் பொருந்துமா என்பதை முதலாவது மட்டுமே சொல்லும்.

அந்தப் பெயரைக் குழலில் பொறித்திருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். .308 தோட்டாவுக்கும் .30-06 தோட்டாவுக்கும் குண்டின் விட்டம் ஒன்று, அடிவட்டமும் ஒன்று. குட்டையான .308, .30-06 அறைக்குள் தடையில்லாமல் போய்விடும், சுட்டால் சுடவும் கூடும். ஆனால் கூட்டின் முன்பகுதியைத் தாங்கச் சுவர் இருக்காது. பித்தளை கிழிந்து, அழுத்தமுள்ள வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வர வாய்ப்பிருக்கிறது. இரண்டு பெட்டிகளும் ஒரே மேசையில் இருக்கும் இடத்தில், ஒரு பெட்டியை மூடி உள்ளே வைத்த பிறகே இன்னொன்றைத் திறக்க வேண்டும்.